பார்

மண்டபத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
மீன்துறைக் கட்டிடத்து மாடியில்
எனக்கு ஒரு நாற்காலி, இரண்டு திரை,
மின்விசிறி சுற்றினால் மட்டும் அசையும் ஒரு நாள்காட்டி.
திரை முழுக்க வடகடல்.
அதில் தண்ணீர் இல்லை, புள்ளிகள்தான்.
பச்சை என்றால் படகு ஓடுகிறது, மஞ்சள் என்றால் நிற்கிறது,
சிவப்பு என்றால் கோட்டுக்குப் பக்கம்.

நூலகத்தில் எடுத்த நாவல்
சோற்று டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
அதில் ஒரு நகரம். சுவருக்கெல்லாம் கண்.
கனவுக்கு வரி, பெருமூச்சுக்குப் பதிவேடு.
எழுதியவர் ரொம்ப தூரம் யோசித்து
இன்னும் நூறு வருஷம் கழித்து என்று போட்டிருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
போன ஆடி மாதம்.

ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை.
அவர் கதையில் பார்ப்பவனுக்கு இரும்பு முகம், கறுப்புக் கையுறை.
இங்கே பார்ப்பவள் நான்.
சகர்பானு, ஒப்பந்த ஊழியர், நாளுக்கு நானூற்று எண்பது,
வலது பாதத்தில் ஆணி.
நானும் வந்ததற்கு விரல் வைக்க வேண்டும்.
என் தலைக்கு மேலும் ஒன்று சிவப்பாய் மினுங்குகிறது;
ராமநாதபுரத்தில் யாரோ அதைப் பார்த்துக்
கொட்டாவி விடுகிறார்.

கருவி வேண்டாம் என்று இங்கே யாரும் சொன்னதில்லை.
புயலுக்கு மறுநாள் மாடிப்படியெல்லாம் பெண்கள்.
"எங்க ஆளு புள்ளி தெரியுதா?"
தெரிகிறது என்றதும் ஒருத்தி
திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
அந்த விரல் ஈரம் காய்வதற்குள்
அதே புள்ளிகளை அச்செடுத்து வாங்கிப் போனார்கள்,
கோட்டைத் தாண்டியவர் யார் யார் என்று எண்ண.

கடலடிப் பாறைத் திட்டுக்கு இந்தக் கரையில்
பார் என்று பேர்.
ஆளுக்கொரு பார், கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத பார்.
மாதா கோயில் கோபுரம் கலங்கரை விளக்கை மறைக்கும் இடத்தில்
நங்கூரம் போடு. அதற்கு அடையாளம் என்று பேர்.
இப்போது அடையாளம் என்றால் அட்டை.
பார் என்றால்,
பார்.

சனிக்கிழமை எனக்கு இரவு முறை.
எமரிட்டின் படகு மணி ஒன்று பத்துக்கு மஞ்சளாகும்.
நாற்பது நிமிடம்.
அந்த இடத்தில் பார் கிடையாது, ஆறு பாகம் ஆழம், வெறும் சேறு.
வலையும் போடவில்லை. போட்டால் புள்ளி நகரும் விதம் வேறு.
முதல் வாரம், டீசல் கைமாற்றுகிறான் என்று நினைத்தேன்.
அடுத்த வாரம், யாரோடோ போன் பேசுகிறான் என்று;
அவ்வளவு தூரத்தில் டவர் எது என்று நானே சிரித்தேன்.
மூன்றாம் வாரம் சிரிக்கவில்லை, காத்திருந்தேன்.
ஒன்று எட்டு. ஒன்று ஒன்பது.
மஞ்சள்.
உள்ளே யாரோ குளிக்கும் சத்தத்தைக்
கதவுக்கு வெளியே நின்று கேட்பவள் போல
மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: நின்றதற்கான காரணம்.
இயந்திரக் கோளாறு என்று அடித்தேன்.
பதினொரு சனிக்கிழமை, ஒரே கோளாறு.
எந்த மெக்கானிக்கும் நம்ப மாட்டான்.

திங்கள் விடியற்காலை டோக்கன் வாங்க வந்தான்.
கயிறும் உப்பும் தின்ற கட்டைவிரலில் ரேகை இல்லை.
பதிவாகவில்லை.
கைலியில் துடைத்துவிட்டு வைத்தான். பதிவாகவில்லை.
அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.
சும்மா இருக்க முடியாமல்,
"இஞ்சின் எப்படிண்ணே ஓடுது?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"நல்லாத்தானே ஓடுது," என்றவன்
என்னைப் பார்த்தான், பிறகு என் திரையை,
பிறகு மறுபடி என்னை.
ஐந்தாவது தடவை விளக்கு எரிந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை
ஒன்று பத்து. பச்சை.
ஒன்று இருபது.
ஒன்று ஐம்பது வரை பச்சை, ஒரே வேகம், நூல் பிடித்த மாதிரி.
காரணம் கேட்கும் கட்டம் திறக்கவே இல்லை.
நிற்காமல் போனதற்கு
எந்தப் படிவத்திலும் கேள்வி கிடையாது.